திருகோணமலையில் இரண்டு நாட்கள்

புதிதாய்க் கலியாணம் முடித்த ஜோடி ஊர் பார்க்கப் போனால் நம்மவர்கள் சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைப்பார்கள். கலியாணம் முடித்து 24 வருடங்களான ஒரு பெண்ணும் அவளது கணவரும், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, கடற்கரைப் பட்டினமொன்றில் ஓரிரவு தங்கிவரப் போகிறோம் என்றால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "யாருக்குச் சுகமில்லை?" என்பதுதான். எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் கேட்டார்கள். மருந்துக்கும் மௌத்து வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் அல்லாமல் பயணம் போவது நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. மாமி மட்டும், "போய்ட்டு வாங்க மகள், நான் ஈக்கிறேன்தானே" என்றார்.

நமது மார்க்கம் இதற்குத் தடையா என்றால் இல்லவே இல்லை. பிரயாணம் ஒன்றின்போது நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை அபூதாவூத் கிரந்தத்தில் காணலாம். முதல் முறை அன்னையவர்கள் முந்தினார்கள். காலம் சென்று அவர்களுக்கு உடம்பு வைத்தபின் நபியவர்கள் முந்தி, அன்றைக்கு இது பதில் என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். உம்மத்தின் பாரமெல்லாம் சுமந்தவர்களுக்கு மனைவியோடு ஓட நேரம் இருந்திருக்கிறது. நமக்குத்தான் இல்லை.

எங்கள் விடயத்தில் நேரம் மட்டுமல்ல, பேச்சும் இல்லாமல் போயிருந்தது. என் கணவர் 2003இல் கத்தார் போனார், 2019இல் திரும்பி வந்தார். அந்த 16 வருடங்களில் 7 தடவை விடுமுறை, தடவைக்கு 45 நாட்கள். கூட்டிப் பாருங்கள், ஒரு வருடம்கூட முழுதாய் வராது. வந்து சேர்ந்தபின் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், அல்ஹம்துலில்லாஹ், சண்டை சச்சரவு எதுவுமில்லை. ஆனால் மின்சார பில், மகளின் டியூஷன் காசு, மாமியின் பிரஷர் குளிசை என்பதற்கு அப்பால் எங்கள் பேச்சு போகவேயில்லை. மரியாதையான இரண்டு விருந்தாளிகளைப் போல இருந்தோம். வெளிநாட்டுக் கணவர்மாரின் மனைவிமார் பலருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

கடந்த வருடம் ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுக் கண்டியில் பஸ் ஏறினோம். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. கிழக்குக் கடல் மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு வருபவர்கள் அலையையும் மழையையும்தான் பார்த்துத் திரும்ப வேண்டும். ஜூனில் உள்ள ஒரே தொந்தரவு கச்சான் காற்று. பகலில் தரையிலிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்டது போல வீசும்.

விடுதி அறையில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். நான்கு நாட்களுக்குக் குறைந்த தங்கல் ஆதலால் நமது ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு இடமுண்டு. அவர் முன்னே நிற்க, நான் பின்னே. பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் ஜமாஅத்தாகத் தொழுதது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று நினைக்கையில் ஸலாம் கொடுத்தபின் சற்று நேரம் எழும்ப மனமே வரவில்லை.

மாலையில் பிரட்ரிக் கோட்டைப் பக்கம் நடந்தோம். போர்த்துக்கேயர் 1620களில் பழைய கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டை இது. பின்னர் ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டிகள் மாதிரி திரிகின்றன. கடைத்தெருவுக்கும் வந்து வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கின்றன. அவை பொலித்தீன் பையையும் சேர்த்து மெல்லுவதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை. சுற்றுலா வருபவர்கள் உணவுப் பொதியைக் கட்டிய பையோடு எறியாமல் இருந்தால் போதும். மேலே சுவாமி மலையில் கோணேஸ்வரம் கோயில். பக்தர்கள் போகும் பாதையில் நாமும் கூட்டத்தோடு ஏறி, கோயிலுக்கு வெளியே ஓரமாய் நின்று கடலைப் பார்க்கலாம். செங்குத்தான பாறை. கீழே தண்ணீர் கருநீலமாய்க் கிடந்தது. என் கணவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அஸர் நேரம் கழிந்ததும் டச் பே கடற்கரை நிறைந்து விடுகிறது. பட்டம், பந்து, கச்சான் வண்டி, இறால் வடை, ஐஸ்கிரீம் வானின் பாட்டு. தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் பாய் விரித்தும் விரிக்காமலும் மணலில் உட்கார்ந்திருக்கின்றன. பர்தா அணிந்த பெண்களும் வெகு சாதாரணமாகக் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெளிநாட்டவர் குளிக்கும் இடங்களில் நம் பெண்களுக்கு இத்தனை சுலபம் இராது. குடும்பமாய்ப் போவோருக்கு நான் டச் பேயையே சொல்லுவேன்.

எங்கள் பக்கத்தில் மூதூர்ப் பெண் ஒருவர் பேரப்பிள்ளைகளோடு இருந்தார். 2006 ஆகஸ்டில் சண்டை மூண்டபோது ஊரோடு நடந்து கந்தளாயில் அகதியாய் இருந்தவராம். "இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறதுக்கு எங்களுக்கு எத்தனை வருசம் எடுத்தது தெரியுமா?" என்றார். அவரிடம் எங்களை ஏன் இருவராய் வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பொதியிலிருந்த அவித்த கடலையில் பாதியை எங்களுக்குத் தந்தார்.

அந்தப் பெண் கைகாட்டிய திசையில்தான் கொட்டியார்க் குடாவின் மறுகரை. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரர் அங்கேதான் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். 19 வருடங்களுக்குப் பின் தப்பி ஊர் சேர்ந்து, நம் நாட்டைப் பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் லண்டனில் வெளியானது. பள்ளிக்கூடத்தில் படித்த இந்தக் கதையை நான் சொன்னேன். அவர் மணலைக் கிளறிக்கொண்டே, "அவருக்கு 19, எனக்கு 16. நான் ஒரு கொப்பிகூட எழுதல்ல" என்றார். சிரித்தோம். ஆனால் அதோடு மீண்டும் மௌனம்.

மறுநாள் காலை முச்சக்கர வண்டியொன்றைப் பேசிக்கொண்டு கிண்ணியாப் பக்கம் புறப்பட்டோம். சீனன்குடாவில் மரங்களுக்கு மேலே பெரிய இரும்புத் தாங்கியொன்றின் விளிம்பு தெரிந்தது. ஆங்கிலேயர் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் அவை. இன்று எஞ்சியிருப்பவை 99, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கிய கதையை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். பல தசாப்தங்களாகக் காடு மூடிக் கிடந்த தாங்கிகளே அதிகம். 2022 ஜனவரியில்தான் அவற்றை இந்திய நிறுவனத்தோடு பங்கிட்டு அபிவிருத்தி செய்ய உடன்படிக்கை எழுதினார்கள்.

இதெல்லாம் பத்திரிகைச் செய்தி. என் கணவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றார்.

"இதப் போல ஒண்டுக்குள்ளதான் புள்ள நான் வேலை செஞ்சேன்."

அவர் செய்தது தாங்கித் திருத்தும் வேலை என்பது எனக்குத் தெரியும். தாங்கிக்கு உள்ளே இறங்கித் துருவைச் சுரண்டி வர்ணம் பூசுவது என்பது தெரியாது. மூச்சுக் குழாயை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டுமாம். ஒரு கோடையில் சாரம் சரிந்து மணிக்கட்டு முறிந்ததாம். "வேலை கூட, அதுதான் கோல் எடுக்கல்ல" என்று அவர் சொன்ன அந்த மூன்று கிழமையும் அதுதானாம். பின்பு அவரே, "ஒண்டு மட்டும் நல்லம். வெறும் தாங்கிக்குள்ள ஒருத்தர் பாங்கு சொன்னா சத்தம் சுத்திச் சுத்தி வரும். நாப்பது பேர் சொல்ற மாதிரி ஈக்கும்" என்றார்.

விமானப்படையினர் நடத்தும் மார்பிள் கடற்கரைக்குப் போய்ச் சேரும்வரையும் அவர் நிறுத்தவில்லை. அங்கே குடா ஒதுக்கமாய் இருப்பதால் தண்ணீர் குளம்போல அசையாது கிடந்தது. (சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: அபாயாவோடு இறங்காதீர்கள். நனைந்தால் இழுத்து விழுத்தும். தடித்த, கருநிறப் பருத்திச் சல்வாரும் பெரிய துப்பட்டாவும் போதும். காலையில் நேரத்தோடு போனால் ஆட்களும் குறைவு.) இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நானும் சொன்னேன். மகளுக்கு டெங்கு வந்து பிளேட்லட் இறங்கிய இரண்டு இரவுகள், ஆஸ்பத்திரி வாங்கில் நான் தனியே யாஸீன் ஓதிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சுகமான பிறகுதான் தொலைபேசியில், "கொஞ்சம் காய்ச்சல், இப்ப நல்லம்" என்று சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தண்ணீரை இரு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

கிண்ணியாப் பாலத்தில் வண்டியை மெதுவாக விடச் சொன்னோம். 396 மீற்றர் நீளம். 2009 அக்டோபரில் திறக்கும்வரை மக்கள் பாதையில் ஏறித்தான் கடந்தார்கள். கிண்ணியாவில் சோறும் மீன் ஆணமும் சாப்பிட்டோம். நண்டும் இருந்தது. அதில் எங்கள் வீட்டில் இரு கட்சி, அவர் சாப்பிடுவார், நான் தொடமாட்டேன். புறாமலைக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் நேரம் கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரத்தை எனக்குத் தந்தார். கந்தளாயில் இறங்கி இரண்டு சட்டி தயிர் வாங்கி வந்து மடியில் வைத்துக்கொண்டார். ஹபரணைக் காட்டு வழியில் இருட்டியது. கத்தாரில் தன்னோடு ஒரே அறையில் இருந்த எட்டுப் பேரையும் ஒருவர் ஒருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். தம்புள்ளை வரும்போது ஐந்தாமவரில் இருந்தோம்.