கரைமணலில் ஒரு பாடம்

மலையோரப் பங்கிலிருந்து மணவாளக்குறிச்சிக்கு மாற்றலாகி, உயர்நிலைப் பள்ளியில் அறிவியலும் கற்பிக்கத் தொடங்கிய புதிது. தோரியத்தின் இயல்புகளைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொன்னோம். "சுவாமி, இது நம்ம கரை மண்ணில உள்ளதுதானே?" என்றான் பின்வரிசை மாணவன். விடை நமக்குத் தெரியவில்லை. ஒப்புக்கொள்ள மனமின்றி, "முதலில் எழுதியதைப் படி" என்று அதட்டினோம். முந்தின நாள் மறைக்கல்வியில் தாழ்ச்சியைப் போதித்த அதே நாவால்!

மறுநாள் அவன் காகிதப் பொட்டலமொன்றை மேசைமேல் பிரித்தான். கறுப்பாய் இல்மனைட், சிவப்பாய் கார்னெட், இடையிடையே தேன்நிற மோனசைட். தோரியம் இருப்பது அதில்தான். காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் இவற்றைப் பிரிக்கும் முறையை, மணல் ஆலையில் பணிபுரியும் தந்தையிடம் கேட்டறிந்து வந்திருந்தான். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார் என்பதையும், வாயு விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்த காலம் அது என்பதையும் நாம் பின்னரே படித்தோம்.

சுண்ணக்கட்டியை அவனிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் போய் அமர்ந்தோம். வகுப்பு சிரித்தது. அவன் கை நடுங்க, எழுத்துப்பிழையோடு 'மோனசைட்' என்று எழுதினான். திருத்த எழுந்தோம், பிறகு அமர்ந்துவிட்டோம்.