வெயில் எழுதிய படங்கள்

கமரா இல்லாமல் படம் எடுக்கலாம் என்பது எனக்கு 2010ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. அப்போது நான் பலெர்மோவில் தாதியர் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். காலையில் வார்ட்டில் பயிற்சி, பின்னேரம் வகுப்பு, இரவில் குசினி மேசையில் உடற்கூற்றியல் புத்தகம். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நுண்கலைக் கல்லூரி மாணவி ஒருத்தி குடியிருந்தாள். ஒரு நாள் காய்ந்த உடுப்பு எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது, அவள் ஒரு பேசினுக்குள் கடதாசி கழுவிக்கொண்டிருந்தாள். பச்சையும் சாம்பலுமாக மங்கிக் கிடந்த கடதாசி தண்ணீருக்குள் போனதும் மெல்ல மெல்ல நீலமாக மாறியது. நீலத்தின் நடுவில் ஓர் இலை, நரம்பு உட்பட, வெள்ளையாகத் தெரிந்தது. நான் உடுப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன்.

மாணவப் பருவத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று வாலிபர் கூட்டத்துத் தம்பி தங்கைமார் கேட்டார்கள். பரீட்சையைப் பற்றி எழுதினால் யாரும் வாசிக்கமாட்டீர்கள். அதனால் அந்த மொட்டைமாடியில் படித்ததை எழுதுகிறேன்.

அவள் செய்த முறைக்கு சயனோடைப் என்று பெயர். இரண்டு உப்புகள் போதும். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 25 கிராம் பெரிக் அமோனியம் சித்திரேற்று. வேறொரு 100 மில்லிலீற்றரில் 10 கிராம் பொற்றாசியம் பெரிசயனைட்டு. இரண்டையும் சம அளவாகக் கலந்து, யன்னலை மூடிய அறையில் தூரிகையால் தடித்த கடதாசியில் பூசிக் காயவைக்க வேண்டும். காய்ந்த கடதாசியின் மேல் ஓர் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைக்க வேண்டும். பலெர்மோவின் யூன் மாத மத்தியான வெயிலில் எட்டுப் பத்து நிமிடம் போதும். மார்கழி வெயிலுக்கு அதைவிட எவ்வளவோ நேரம் வேண்டும். ஒளி பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றமடைந்து, கரையாத நீலமாகக் கடதாசியில் பிடித்துக்கொள்ளும். இலை மூடியிருந்த இடத்து மருந்து தண்ணீரோடு போய்விடும். நிழல் விழுந்த இடம் வெள்ளை, வெயில் விழுந்த இடம் நீலம். அவ்வளவுதான்.

என் முதல் இலைகளை ஓர்த்தோ பொத்தானிக்கோவில் பொறுக்கினேன். லிங்கன் வீதியில், 1795இல் திறக்கப்பட்ட அந்தத் தாவரத் தோட்டத்துக்கு நீங்களும் பள்ளிக்கூடத்தோடு போயிருப்பீர்கள். அங்கே 1845இல் கொண்டுவரப்பட்ட பெரிய பைக்கஸ் மரம் ஒன்று நம் ஊர் ஆலமரம் போல விழுது விட்டு நிற்கிறது. அதன் கீழ் விழுந்து கிடந்த இலைகளையும், எங்கள் பல்கனிச் சட்டியில் அம்மா பொத்திப் பொத்தி வளர்த்த கறிவேப்பிலைக் கொத்து ஒன்றையும் படம் பிடித்தேன். கறிவேப்பிலைதான் அழகாக வந்தது.

இந்த முறையை 1842இல் கண்டுபிடித்தவர் வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். அடுத்த ஆண்டே அன்னா அற்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் கடற்பாசிகளை இப்படி நீலப் படங்களாக்கி, புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களோடு வந்த முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஹேர்ஷலின் இன்னொரு சிநேகிதி நம் ஊரோடு சம்பந்தப்பட்டவர். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். 48 வயதில் முதல் கமராவைப் பெற்று, கண்ணாடித் தட்டில் மருந்து பூசித் தன் கையாலேயே எல்லாம் செய்து, பெரிய பேர் எடுத்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்து, அங்கேயும் படம் எடுத்தார். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களின் முகங்களும் அவற்றில் உண்டு. 1879இல் இலங்கையிலேயே இறந்தார். பொகவந்தலாவையில் ஒரு சிறிய தேவாலயத்தின் முற்றத்தில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இந்த நீலத்தை நான் மொட்டைமாடியில் மட்டும் காணவில்லை. அதே ஆண்டு, ஒரு வகுப்பில் நுண்காட்டிக்குள் பார்க்கச் சொன்னார்கள். இளஞ்சிவப்புத் திசுவுக்குள் நீல நீலமாகப் புள்ளிகள். உடம்பில் இரும்பு எங்கே தேங்கியிருக்கிறது என்று காட்டுகிற பேர்ல்ஸ் சாயம் அது. மக்ஸ் பேர்ல்ஸ் என்ற ஜேர்மன் மருத்துவர் 1867இல் விவரித்தது. சிசிலியில் தலசீமியா நோய் அதிகம். அந்த நோயாளிகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் ஈரலில் இரும்பு சேர்ந்துவிடும் என்று படித்துக்கொண்டிருந்தோம். அந்த இரும்பைக் காட்டிக்கொடுப்பதும், என் கறிவேப்பிலையைச் சுற்றிப் படிந்திருந்ததும் ஒரே நீலம்: புருசியன் நீலம். 1987இல் பிரேசிலின் கொய்யானியா நகரில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் மக்கள் உடம்பில் ஏறியபோது, அதை வெளியேற்ற மருந்தாகக் கொடுத்ததும் இதே நீலத்தைத்தான். பாடப் புத்தகத்தில் வெறும் பெயராக இருந்தது, கையில் பட்ட பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

அடுத்தது மஞ்சள். சமையல் மஞ்சள்தூளைச் சாராயத்தில் கரைத்து, வடித்து, கடதாசியில் பூசினால் போதும், வேறு மருந்தே தேவையில்லை என்று கீழ்வீட்டுப் பெண் சொன்னாள். இங்கே லிமோன்செல்லோ செய்வதற்காகக் கடைகளில் விற்கும் 95 பாகைச் சாராயத்தில் ஒரு போத்தல் வாங்கி வந்தேன். அம்மா அந்தப் போத்தலைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "மஞ்சளுக்கு அம்மா" என்றேன். "உனக்கில்லாட்டிச் சரி" என்றார்.

மஞ்சள் பூசிய கடதாசியில் இலையை வைத்து மூன்று நாலு மணி நேரம் வெயிலில் விட்டால், திறந்திருந்த இடம் வெளிறிப்போகும். இலை மூடிய இடம் மஞ்சளாகவே இருக்கும். பிறகு போரக்ஸ் கரைத்த தண்ணீரைத் தெளித்தால் அந்த மஞ்சள் செங்கபிலமாகும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், அதே கதைதான். அம்மாவுக்கு இது ஒன்றும் புதினமாக இல்லை. "வெள்ளைச் சட்டையில கறி பட்டா வெயிலில காயப் போட்டாப் போயிடும். இதைப் படிக்கவோ யூனிவேர்சிற்றிக்குப் போனனி?" என்றார்.

அம்மா சொன்னதன் பெறுமதி சில மாதம் கழித்து, குழந்தை மருத்துவப் பாடத்தில் விளங்கியது. 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள ரொச்போர்ட் வைத்தியசாலையில், குறைமாதப் பிள்ளைகளின் வார்ட்டுக்குப் பொறுப்பாக சிஸ்டர் வார்ட் என்ற தாதி இருந்தார். வெயில் நாட்களில் பிள்ளைகளை வெளியே முற்றத்துக்குக் கொண்டுபோவது அவருடைய பழக்கம். ஒரு நாள் வைத்தியர்களிடம் ஒரு பிள்ளையைக் காட்டினார். உடம்பு முழுவதும் வெளிறியிருக்க, ஓர் இடத்தில் மட்டும் முக்கோணமாக நல்ல மஞ்சள். அங்கே ஏதும் மருந்து பூசினீர்களா என்று வைத்தியர் கேட்டார். இல்லை, அது பிள்ளையின் செங்கண்மாரி. துணியின் நுனி மூடியிருந்த இடம் அப்படியே இருக்கிறது, மற்ற இடமெல்லாம் வெயிலில் மங்கிவிட்டது என்று அவர் விளக்கினார். பிறகு யன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட ஓர் இரத்தக் குழாயிலும், செங்கண்மாரிக்குக் காரணமான பிலிரூபின் குறைந்திருந்ததைக் கண்டார்கள். இவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து, கிரேமர் என்ற வைத்தியரும் கூட இருந்தவர்களும் 1958இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் பிறந்த பிள்ளைகளை நீல விளக்கின் கீழ் கிடத்தும் சிகிச்சை அங்கிருந்து வந்தது.

விரிவுரையாளர் அந்த முக்கோணத்தைச் சொன்னபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். துணி நுனி, என் இலை. பிள்ளையின் தோல், என் மஞ்சள் கடதாசி. அந்த வார்ட்டில் எத்தனையோ பேர் அந்தப் பிள்ளையைத் தூக்கியிருப்பார்கள். சிஸ்டர் வார்ட் நின்று பார்த்தார். பார்த்ததை, பெரிய வைத்தியர்கள் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்காமல் சொன்னார். இன்று நானும் பிறந்த பிள்ளைகளின் வார்ட்டில்தான் வேலை செய்கிறேன். நீல விளக்கை ஒவ்வொரு முறை போடும்போதும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இளம் பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை: பிள்ளையை யன்னல் வெயிலில் வைத்தால் மஞ்சள் போய்விடும் என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். வெயிலின் அளவு நம் கையில் இல்லை. பிஞ்சுத் தோல் வெந்துபோகும், காலமும் வீணாகும். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ, உடனே காட்டுங்கள்.

அந்த ஆண்டின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் அம்மம்மா காலமானார். அம்மாவால் போக முடியவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் எல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, எங்கள் வீட்டு அல்பங்கள் அலுமாரிக்குள்ளேயே இருந்துவிட்டன. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை. அம்மம்மாவின் படம் என்று எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அம்மா ஒரு வயதுப் பிள்ளையாக மடியில் இருக்க, யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அம்மாவின் வேதப்புத்தகத்துக்குள் இருந்ததால் தப்பியது. ஓரமெல்லாம் உடைந்து, அம்மம்மாவின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

அதைக் கணினியில் ஏற்றி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்தேன். மருந்து பூசிய கடதாசியில் அதை வைத்து, அம்மாவையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். மாசி மாத வெயில். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். செய்வதற்கு ஒன்றும் இல்லை. கைப்பேசி எடுத்துவரவில்லை. இரண்டு பேரும் கதிரையில் இருந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அம்மா கதைக்கத் தொடங்கினார். மடியில் இருக்கும் பிள்ளை ஏன் அழுதமாதிரி இருக்கிறது என்பதில் தொடங்கி, அம்மம்மா உடுத்திருந்த சேலை யாருடையது என்று போய், 95ஆம் ஆண்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட ஒரு இரவு முழுக்க எடுத்ததில் வந்து நின்றார். அப்போது எனக்கு ஆறு வயது. அம்மம்மா தன் சேலைத் தலைப்பால் என்னை மூடிக்கொண்டே நடந்தாராம். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை எனக்குச் சொல்லாத கதை. நானும் கேட்டதில்லை.

நேரம் வந்ததும் கடதாசியை அம்மாவே தண்ணீருக்குள் இறக்கினார். முதலில் சேலைக் கரை, பிறகு கை, பிறகு முகம். அம்மா பேசினுக்குள் கையை விட்டபடியே இருந்தார். தண்ணீர் குளிர் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

படத்தைச் சட்டம் போட்டு, குசினி யன்னலுக்கு எதிரே மாட்டினார். அங்கே வெயில் நேரே விழும், நிறம் போய்விடும் என்று சொன்னேன். "நிறம் போனாப் போகட்டும் பிள்ளை. படம் பாக்கத்தானே. பெட்டிக்குள்ள வைக்கவோ?" என்றார். கோடை முடியும்போது அம்மம்மா வெளிறிப்போயிருந்தார். சயனோடைப்புக்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் வெளிறிய நீலம், இருட்டில் காற்றுப்பட வைத்திருந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். சட்டத்தைக் கழற்றிப் படத்தை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்தோம். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து எடுத்தபோது நீலம் திரும்பியிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அம்மாவே கணக்கு வைத்து, ஆவணியில் படத்தை அலுமாரிக்குள் வைத்து, நத்தாருக்கு முன் எடுத்து மாட்டுகிறார்.

தம்பி தங்கைமாரே, இந்தக் கோடை விடுமுறையில் நீங்களும் செய்து பாருங்கள். சின்னவர்கள் மஞ்சளோடு தொடங்கலாம். சாராயத்தைக் கரைப்பதும் போரக்ஸ் தெளிப்பதும் பெரியவர்களின் வேலை, அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். நீலப் படத்துக்குக் கையுறை போடுங்கள், சமையல் பாத்திரங்களைப் பாவிக்காதீர்கள், பெரிசயனைட்டை அசிட்டோடு கலக்கவோ சூடாக்கவோ கூடாது. முடிந்த படத்தில் சவர்க்காரத் தண்ணீர் படவிடாதீர்கள்; நீலம் அழிந்துவிடும்.

வீட்டில் அம்மம்மா, அப்பப்பா யாராவது இருந்தால், பழைய படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் அது விழுகிற நேரம் முழுக்க அவர்களையும் பக்கத்தில் இருத்தி, படத்தில் இருப்பவர்கள் யார் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். காய்ந்த பிறகு பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள்.