மவுசாக்கலையில் ஓரிரவு

பல்கலைக்கழக வாழ்விலே திட்டமிட்ட பயணங்கள் பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. குழு அமைத்து, பணம் திரட்டி, பேருந்துக்கு முற்பணமும் கொடுத்தான பின்னர் பரீட்சைத் திகதி மாறிவிடும். அல்லது பகிஷ்கரிப்பு வந்து சேரும். நிறைவேறுபவை யாவும் அரைமணி நேரத்தில் முடிவானவையே. பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றிலே கலைப்பீட மாணவர் ஐவர் மேற்கொண்ட பயணமும் அத்தகையதே.

அவ்வாண்டுக் கோடை கடுமையாயிருந்தது. மகாவலியின் நடுவே பாறைகள் முதுகு காட்டின. விடுதியின் மேல்மாடிக் குழாய்கள் இரண்டு நாளாக வெறுங் காற்றையே விட்டுக்கொண்டிருந்தன. வாளியுடன் வரிசையில் நின்று அலுத்துப்போன மட்டக்களப்பு மாணவன், "முங்கிக் குளிக்க ஒரு குளம் இல்லாத ஊருக்கா மச்சான் படிக்க வந்தம்?" என்றான்.

"எங்க ஊர்ல பெரிய குளமே இருக்கு. கரையிலயே ஒரு பங்களா. மாமாதான் அங்க காவக்காரர்" என்றான் மஸ்கெலியா மாணவன்.

இரண்டு வருடமாக ஒரே அறையில் வாழ்ந்தவன் அவன். தன் ஊரைப்பற்றித் தானாகவே வாய்திறந்தது அன்றுதான் முதற்றடவை. ஆயின் அதனை அப்போது எவரும் கவனித்திலர். மறுநாள் போயா விடுமுறை. பிற்பகல் விரிவுரையும் நடைபெறாது என அறிவித்தல் வந்திருந்தது. இவற்றுக்கு மேல் வேறென்ன நிமித்தம் வேண்டும்? ஆளுக்கொரு துவாயும் மாற்றுடுப்புமாக ஐவரும், பதுளைப் பக்கம் போகும் புகையிரதமொன்றில் ஏறிக்கொண்டனர். சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டத்தினிடையே அட்டன் வரைக்கும் நின்றேதான் போக முடிந்தது.

அட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதையில் முதலிலே காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணிற்பட்டது. நீர் இறங்கிய அளவுக்குக் கரையைச் சுற்றிலும் செம்மண் வளையமொன்று தெரிந்தது. புவியியல் பயிலும் மன்னார் நண்பன் விளக்கத் தொடங்கினான். கெகல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்தே களனி கங்கையாகின்றன. இம்மலைநாட்டு நீரிலே மின்சாரம் பிறப்பிக்கலாமென 1918இலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர எடுத்துக்காட்டினார். லக்சபான நிலையம் 1950இலும், காசல்ரீ அணை 1965இலும், மவுசாக்கலை அணை 1969இலும் வந்தன. மவுசாக்கலை நீர் கெனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய என்று ஒவ்வொரு படியாக இறங்கி, படிதோறும் சுழலிகளை ஓட்டுகின்றது. புவியியல் மாணவனோடு பயணஞ் செய்பவர்கள் இதற்கெல்லாம் சித்தமாயிருத்தல் வேண்டும். அவன் சொன்னவற்றிற் பிழை எதுவுமில்லை. மஸ்கெலியா நண்பன் மட்டும் யன்னற்பக்கம் திரும்பி, நித்திரை கொள்பவன்போல் இருந்தான்.

பங்களா, வெள்ளைத் துரைமார் காலத்துக் கட்டடம். இக்காலத்தில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுவது. ஏரியில் நீரில்லையென்று அறிந்ததும் அவ்வாரத்துக்குப் பதிந்திருந்தவர்கள் வராமல் விட்டுவிட்டனர். அதனாலேயே மாமா தொலைபேசியில் முகாமையாளரிடம் கேட்டு, பின்கட்டிலே இரண்டு அறைகளைப் பெற முடிந்தது. நால்வரும் முன்விறாந்தையில் ஏறி நின்று, நிலவொளியில் மலைகளைப் பார்த்து வியந்தனர். மஸ்கெலியா நண்பனோ எவரும் சொல்லாமலேயே வீட்டைச் சுற்றிக்கொண்டு குசினி வாசலால் உள்ளே போனான். சிறுவயதில் மாமாவைப் பார்க்க வந்த போதெல்லாம் போன வழி அதுதான். அன்றிரவு முழுவதும் அவன் கால் முன்வாசற் படியிற் படவேயில்லை.

இரவு ரொட்டியும் சம்பலும், அதன்மேற் சூடான சாயத்தண்ணீரும். தொலைவிலே சிவனொளிபாத மலையின் படிவழி விளக்குகள் வானத்தில் தொங்கும் சரம்போல் தெரிந்தன. அக்கரைப்பற்று நண்பன் பழைய பாட்டுக்களாகப் பாடினான். மட்டக்களப்பான் ரொட்டி வேகவைத்த தகரத்திலே தாளம் போட்டான். பாட்டு ஓய்ந்ததும், வழமைபோல யாழ்ப்பாணத்து நண்பன் தன் வீட்டைப்பற்றிப் பேசினான். வலிகாமம் வடக்கிலே, 1990இல் அவனுடைய தந்தையார் கதவைப் பூட்டிச் சாவியோடு வெளியேறிய வீடு. அவன் பிறக்குமுன்னரே இழந்த வீடு. எனினும் அதன் தூண்கள் எத்தனை, கிணறு எத்தனை முழம், கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் எந்தக் கிளை கூரையில் உரசும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் சொல்லிச் சொல்லி அறையிலுள்ள மற்ற நால்வருக்குந் தெரியும். அன்றும் எல்லோரும் கேட்டனர். எல்லோரிலும் கவனமாகக் கேட்டவன் மஸ்கெலியா நண்பனே.

விடிந்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் பனிப்புகார் மூடியிருந்தது. துவாய்களைத் தோளிற் போட்டுக்கொண்டு ஐவரும் நீரைத் தேடி இறங்கினர். இறங்க இறங்க நீர் தள்ளிக்கொண்டே போயிற்று. பாளம் பாளமாக வெடித்த சேற்றின்மீது நடக்கையிலே காலடியில் திடீரெனக் கல் பாவிய தெரு ஒன்று தொடங்கியது. அதன் இருமருங்கிலும் அத்திவாரங்கள், இடிந்த மதகு ஒன்று, அப்பால் புகாரினூடே ஒரு கோயிலின் சுவர்கள். யாழ்ப்பாணத்து நண்பன் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கலானான்.

"இதென்னடாப்பா, பழைய கோட்டையோ?"

"ஊர்."

"எந்த ஊர்?"

"மஸ்கெலியா. நேத்து பஸ்ஸால எறங்கினமே, அது புதுசு. இதுதான் எங்க ஊர்."

மன்னார் நண்பன் அவனைத் திரும்பிப் பார்த்தான். 1969 என்ற ஆண்டை முதல்நாள் அத்தனை உறுதியாகச் சொன்னவன் அவன். அந்த ஆண்டுக்கு முன்னர் அவ்விடத்தில் என்ன இருந்தது என்ற கேள்வி அவனுடைய பாடக்குறிப்பில் இருந்ததில்லை.

கோயிற் சுவரருகே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மூன்று பெண்கள் நின்றனர். அவர்களுள் மூத்தவர் மஸ்கெலியா நண்பனின் அம்மாயி. நீர் வற்றுகின்ற ஆண்டுகளிலே இவ்வாறு வந்து விளக்கேற்றிச் செல்வது அவருடைய வழக்கமாம். எண்பதை அண்மிய வயது. அணை நிரம்பியபோது அவர் மணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கடைத்தெரு எங்கே, வண்டிகள் நின்ற இடம் எங்கே என்று கைத்தடியால் ஒவ்வொன்றாகக் காட்டினார். அவருடைய லயம் எங்கேயென மட்டக்களப்பு நண்பன் கேட்டான். தடி, மிச்சமிருந்த நீரின் நடுப்பக்கம் நீண்டது.

"அது இன்னும் கீழ தம்பி. அது வத்தி நான் பாத்ததில்ல."

இடம் மாறிய சில ஆண்டுகளுக்குள்ளே அவருடைய அக்காளின் குடும்பமும் போயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரும் 1974இலே பாதிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இவ்வெண்களை ஐவரும் விடைத்தாள்களில் எழுதிப் புள்ளி பெற்றவர்கள்தாம். அம்மாயி எண் எதுவுஞ் சொல்லவில்லை. "அக்கா வீட்டுக்கு இந்தியா வந்துச்சு, எங்களுக்குச் சிலோன் வந்துச்சு" என்றார். ஏதோ கடிதம் வந்ததைச் சொல்வதுபோலிருந்தது. அட்டனிலே ஏற்றிவிட்ட புகையிரதத்தை அக்காலத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்களாம். நீலகிரிப் பக்கமிருந்து சில காலம் கடிதம் வந்தது, பின்னர் நின்றது.

யாழ்ப்பாணத்து நண்பன் தன் அறைத்தோழனைச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்றான். குரலிற் கோபம் இருந்தது.

"ரெண்டு வரியமா நான் என்ரை வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறன். நீ ஏனடா ஒருநாளும் இதைச் சொல்லேல்லை?"

"என்னத்த சொல்றது? ஒங்களுக்குச் சொந்த வீடு போச்சு, உறுதி இருக்கு, சாவி இருக்கு. எங்களுக்குப் போனது தோட்டத்துக் காம்பரா. எங்களுதில்லாத ஒண்ணு போச்சுன்னு எப்பிடிச் சொல்றது?"

அவன் அதனைச் சண்டையாகச் சொல்லவில்லை. பல நாள் யோசித்து வைத்திருந்த ஒன்றைச் சொல்பவன்போல நிதானமாகவே சொன்னான். ஒரே மொழியைப் பேசுகிறோம் என்ற நிறைவிலே ஒருவரையொருவர் விசாரிக்காமலே இருந்துவிடுவது தமிழ் மாணவரிடையே புதிதன்று. அந்த அறையும் அதற்கு விலக்காயிருக்கவில்லை. மற்ற மூவரும் கேளாதவர்போல் மதகைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

அம்மாயி தடியை ஊன்றிக்கொண்டு அருகே வந்தார். அவர் காதில் ஏதோ சில சொற்கள் விழுந்திருக்க வேண்டும்.

"ஒங்க ஊரையும் தண்ணி எடுத்துருச்சா தம்பி?"

"தண்ணியில்லை அம்மாயி. ஆமி. கொஞ்ச இடத்தை விட்டவங்கள். எங்கடை வீடு இன்னும் உள்ளுக்கைதான்."

அவர் சிறிது நேரம் யோசித்தார். "தண்ணின்னா கோடையில ஒரு தடவையாச்சும் கண்ணுல காட்டும்" என்றார். பின்னர் அவனுடைய தோளிற் கிடந்த காய்ந்த துவாயைப் பார்த்து, "குளிக்கவா வந்தீங்க? அந்தப் பக்கம் போகாதீங்க, சேறு இழுத்துரும். லயத்துக்கு வாங்க, பீலி இருக்கு" என்றார்.

லயத்துப் பீலியில் நீர் நூல்போலவே விழுந்தது. ஒருவர் பின் ஒருவராக ஐவரும் குளித்து முடிய ஒன்றரை மணி நேரம் சென்றது. மாமா இரண்டு முறை வந்து, பிற்பகற் புகையிரதத்தை நினைவூட்டிப் போனார். அம்மாயியின் காம்பராவில், வாசற் படியிலும் தரையிலுமாக அமர்ந்து சாயத்தண்ணீர் குடிக்கையிலே, யாழ்ப்பாணத்து நண்பன் கேட்டான்: "அம்மாயி, அந்தப் பழைய லயத்திலை எத்தினை காம்பரா? பக்கத்துக் காம்பராவிலை ஆர் இருந்தது?"

அம்மாயி கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, முதலாவது காம்பராவிலிருந்து தொடங்கினார். ஆறாவதற்கு வருமுன்னரே அட்டனுக்குப் போகும் பஸ் போய்விட்டது.