தட்டும் தராசும் தொலைபேசியும்

புலம்பெயர்ந்த நாட்டிலே நம்மவர் இருவர் சந்தித்தால் ஊர்ப்புதினம் பேசிய காலம் ஒன்றிருந்தது. இன்று நாற்பதைக் கடந்தோர் முதலிற் பேசுவது நீரிழிவு பற்றியே. 2024 இல் நானும் அவ்வரிசையிற் சேர்ந்தேன். இரத்தப் பரிசோதனையில் எனக்குக் கிடைத்த எண் 46. இங்கிலாந்து வைத்தியர்களின் கணக்கில் 42 முதல் 47 வரை எச்சரிக்கை. 48 ஆயின் நீரிழிவு.

என் உயரம் 165 சென்ரிமீற்றர். அப்போது நிறை 78 கிலோ. இவ்வுயரமுள்ள ஐரோப்பியர் ஒருவர் ஏறத்தாழ 82 கிலோவை எட்டும்போதே மிகைப்பருமன் உடையவராகக் கொள்ளப்படுவார். தெற்காசியருக்கோ 75 கிலோவே எல்லை. குறைந்த பருமனிலேயே இந்நோய் நம்மைப் பற்றிக்கொள்வதே காரணம்.

தேசிய சுகாதார சேவை 2016 இல் ஆரம்பித்த நீரிழிவுத் தடுப்புத் திட்டத்துக்குத் தாதி என்னை அனுப்பினார். கட்டணம் இல்லை; காலம் ஒன்பது மாதம். குழுவாகக் கூடியும் பயிலலாம், கைத்தொலைபேசிச் செயலி மூலமும் பயிலலாம். இரவு வேலை செய்பவனாகையால் நான் செயலியையே தெரிந்தெடுத்தேன். உண்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும். வாரந்தோறும் நிறையைப் பதிய வேண்டும். பயிற்றுநர் ஒருவர் மறுமொழி எழுதுவார்.

செயலிக்குப் பாண் தெரியும், பிட்டுத் தெரியாது. சொதியைத் தேடினால் ஒன்றும் வராது. 'கறி' என்று இட்டால் உணவகத்துக் கறிகள் வரிசையாக வரும்; அவற்றுக்கும் நம் வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்புக்கும் யாதொரு உறவுமில்லை. ஆகவே சமையலறையில் ஒரு சிறு தராசு வந்தமர்ந்தது. சுண்டுக் கணக்கிலும் அகப்பைக் கணக்கிலும் சமைக்கும் என் மனைவி, அதனை ஒரு வாரம் முறைத்துப் பார்த்தார். பின்னர் அவரே எண்ணெயை அளந்தார். மேசைக்கரண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 120 கலோரி. ஒரு குழம்புக்கு ஐந்து கரண்டி! சமைத்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரிதான். நீரிழிவுக்குச் சோற்றின் அளவு முக்கியமே. ஆயினும் சோற்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பெரியவர்கள் எண்ணெய்ப் போத்தலையும் விசாரித்தல் நன்று.

எழுத்தர் பதவி என் மகளுக்கு. செயலியில் இல்லாத உணவுகளை நாமே சேர்க்கலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். "அப்பா, கத்தரிக்காய்க்குச் சின்ன ரவா, பெரிய றவா?" என்று கேட்டுக் கேட்டுத் தமிழிலேயே பதிந்தாள். (மாணவச் செல்வங்களே, இது வளர்ந்தோருக்கான கணக்கு. உங்கள் தட்டை எண்ண வேண்டாம்.)

ஒன்றை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. 2009 இல் வன்னியிலே கஞ்சிக்கு வரிசையில் நின்றவன் நான். பிள்ளைகள் மிச்சம் விடும் சோற்றைக் குப்பையில் இட என் கை எழாது. நானே உண்டு முடிப்பேன். மகள் அதையும் நிறுத்து, 'பிள்ளைகளின் மிச்சம்' என்று பதிந்தாள். வார முடிவில் கூட்டினால் அது இரண்டு நேரச் சாப்பாடு. பயிற்றுநருக்குக் காரணத்தை எழுதினேன். அவர் என்னை மாற்ற முயலவில்லை. பிள்ளைகளுக்கு முதலிற் சிறிதாகப் பரிமாறி, கேட்டால் மீண்டும் இடுமாறு மட்டும் எழுதினார். அதன்பின் தட்டில் மிச்சமே இல்லை.

ஒன்பதாம் மாதத்தில் நிறை 73 கிலோ. இரத்த எண் 42. எல்லையின் வாசற்படியிலேயே இன்னும் நிற்கிறேன், பதிவும் தொடர்கிறது. மகளின் பட்டியலில் ஒடியற்கூழுக்கு மாத்திரம் கலோரி எழுதப்படவில்லை. அதில் எத்தனை மீன், எத்தனை நண்டு என்று சொல்ல மனைவி மறுக்கிறார்.