கத்தியின் கழுத்தில் ஒரு முத்திரை

முதல் சவரக்கத்தியைப் புதிதாக வாங்குவதா, பழையதைத் தேடிப் பிடிப்பதா என்று பார்க்கப் போனவன் நான். ஜெர்மனியின் சோலிங்கனிலும் பிரான்சின் தியேரிலும் மடக்குச் சவரக்கத்தியை இன்றும் செய்கிறார்கள். பழையவற்றில் பல இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தவை. அந்தப் பழங்கத்திகள் பலவற்றில் 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்திருந்தது. எஃகில் வெள்ளியை யார் கலந்தார்கள், எதற்காக? வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு இதன் பின்னால் போனேன்.

தடம் லண்டனுக்குப் போனது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அங்கே அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்தவர். மின்சார ஆராய்ச்சியால் பெயர் பெறுவதற்கு முன்பு, இளைஞரான மைக்கேல் ஃபாரடே இவரோடு சேர்ந்து எஃகில் பல உலோகங்களைக் கலந்து உருக்கிப் பார்த்தார். 500 பங்கு எஃகுக்கு 1 பங்கு வெள்ளி போதும், அதற்கு மேல் சேர்த்தால் வெள்ளி தனியே பிரிந்து நிற்கிறது என்று 1820இல் இருவரும் எழுதினார்கள். ஷெஃபீல்ட் பட்டறைகள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன. நாளாவட்டத்தில் அது உயர்ந்த சரக்கு என்பதற்கான முத்திரையாகவே ஆனது. முத்திரையைப் பார்த்து உள்ளே வெள்ளி இருக்கிறது என்று நம்ப வேண்டியதில்லை.

என்னை நிறுத்தியது வேறொன்று. ஸ்டோடார்ட், ஃபாரடே இருவரின் தேடல் வெள்ளியிலிருந்து தொடங்கவில்லை, இந்தியாவின் வூட்ஸ் எஃகிலிருந்து தொடங்கியது. பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் அனுப்பிய வூட்ஸ் கட்டிகளைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். ஸ்டோடார்ட் அந்த எஃகில் கத்தி அடித்துப் பார்த்து, ஐரோப்பாவின் எந்த எஃகையும்விட இதுவே மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டார். ஃபாரடே 1819இல் வூட்ஸைப் பகுத்துப் பார்த்தார். அதன் சிறப்புக்குக் காரணம் அலுமினியம் என்று எண்ணினார். அது சரியல்ல, கரிதான் காரணம். ஆனாலும் எஃகில் எதைக் கலந்தால் என்ன ஆகும் என்ற பெரிய கேள்வி அங்கேதான் பிறந்தது.

வூட்ஸ் உருக்கிய இடங்களில் நம் சேலம் வட்டாரமும் உண்டு. தேனிரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையில் இட்டு, காய்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்த்து, மேலே எருக்கிலை போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறும். வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் இப்படி ஒரு வேலை செய்தன என்று படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுதத் தெரியவில்லை. ஷெஃபீல்டின் மூசை எஃகு இங்கிருந்து போனது என்று சொல்ல ஆதாரம் இல்லை. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் நல்ல சுருள்வில்லுக்காகத் தானே முயன்று கண்டது அது.

ஆனால் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருவர் போனார். ஜோசையா மார்ஷல் ஹீத், சென்னை மாகாணத்தில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். ஆவாரங்குச்சி, எருக்கிலை விவரங்களை எழுதி வைத்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு ஷெஃபீல்ட் சென்று, மூசையில் மாங்கனீசு சேர்த்தால் எஃகு மலிவாகவும் நன்றாக அடிபடும்படியும் வரும் என்று 1839இல் காப்புரிமை பெற்றார். இன்னும் எளிய வழி ஒன்றை அவரே தன் முகவரிடம் சொன்னார். அந்த வழி காப்புரிமையில் எழுதப்படவில்லை. முகவர் தானே அதைச் செய்யத் தொடங்கினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851இல் இறந்தார், நான்கு ஆண்டு கழித்துப் பிரபுக்கள் சபைத் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது. ஊரே அவர் முறையில் எஃகு உருக்கிக்கொண்டிருந்தது.

இதன்பின் புதுக்கத்தியில் மனம் செல்லவில்லை. சாணைபிடிக்கத் தெரிந்த ஆள் கைக்கெட்டாதவருக்குப் புதியதே நல்லது, அதிலும் தீட்டி அனுப்புகிறவரிடம் வாங்க வேண்டும். மற்றவர்களுக்குப் பழையதைத்தான் சொல்வேன். மேல்துரு தேய்த்தால் போகும். கூர்விளிம்பை ஒட்டிய துருக்குழி போகாது. விளிம்பை நகத்தால் மெல்ல மீட்டினால் விரிசல் தெரியும். நடுவில் உள்வாங்கித் தேய்ந்த அலகை விட்டுவிட வேண்டும். பழைய செல்லுலாய்டு கைப்பிடி சிதையத் தொடங்கினால் அதிலிருந்து வரும் ஆவி அலகையே அரிக்கும், ஆகவே கொம்புப்பிடி மேல்.

கத்தியின் வயதுக்கும் முத்திரையில் ஒரு தடயம் உண்டு. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்ற சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. நான் எடுத்த கத்தியில் ஷெஃபீல்ட் என்று மட்டும் இருக்கிறது, இங்கிலாந்து இல்லை. அநேகமாக அதற்கு முந்தையது. அலகு ஆப்பு வடிவில் கனமானது, கல்லில் நெடுநேரம் கேட்டது. முரட்டுத் தாடியிலும் அதிராமல் இறங்குகிறது.