எட்டாம் மாதத்துப் பிள்ளை

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்னும் பேச்சை நம் ஊர்களில் கேளாதவர் இலர். நானும் என் பாட்டியிடம் அதைக் கேட்டே வளர்ந்தேன். குருமடத்தில் பல ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்ற பின்னரும் அந்தப் பேச்சு என் மனத்தின் ஒரு மூலையில் அப்படியே இருந்தது. 2001ஆம் ஆண்டு ஒரு வீட்டுத் திண்ணையில்தான் அதை நான் உணர்ந்தேன்.

அப்போது நான் உதவிப் பங்குத்தந்தை. எட்டாம் மாதத்தில் பிறந்து, மூச்சுத் திணறி, இரண்டாம் நாளே இறந்துபோன ஓர் ஆண் குழந்தையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தோம். மாமியார் ஊர் கேட்கப் புலம்பினார். "கிரகணத்தன்னைக்கு வெளியே போகாதேன்னு சொன்னேன், கேட்டாளா? குடங்குடமாத் தண்ணி தூக்கினா. பிள்ளையை அவளே தின்னுட்டா." அந்தத் தண்ணீரை வீட்டார் அனைவரும்தான் குடித்தார்கள் என்பது வேறு. சுவரோரம் அமர்ந்திருந்த அந்தத் தாய் தலை நிமிராமலே என்னைக் கேட்டார்: "சாமி, நான் செஞ்ச தப்புதானா?"

"எல்லாம் இறைவன் சித்தம் அம்மா, மனத்தைத் தேற்றிக்கொள்" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் அன்று. ஆம் என்றும் நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமியாரின் காதில் அது ஆம் என்றே விழுந்திருக்கும்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2017இல், ஓர் இரவு மாவட்ட அரசு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. இருபத்தொன்பது வாரங்களில் பிறந்த பெண் குழந்தை. எடை 1,100 கிராம். அவசரத் திருமுழுக்கு வேண்டும் என்றார்கள். செம்பில் தண்ணீரோடு விரைந்தேன். வாசலிலேயே செவிலியர் தடுத்துவிட்டார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். செம்பைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் குளிர் இந்தப் பிள்ளைக்கு ஆகாது ஃபாதர்" என்று சொல்லி, கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஆற்றிய நீரை ஊசியில்லாத ஒரு சிரிஞ்சில் எடுத்துத் தந்தார். அந்நீரைக் கொண்டே திருமுழுக்கு அளித்தேன். நெற்றி என் கட்டைவிரலைவிடச் சற்றே அகலமாக இருந்தது.

பணியிலிருந்த பெண் மருத்துவர் அந்த நள்ளிரவிலும் பொறுமையாக எனக்கு விளக்கினார். தோலுக்கடியில் சூடு தரும் கொழுப்பு கடைசி வாரங்களில்தான் சேர்கிறது. ஆகவே குறைமாதப் பிள்ளை விரைவில் குளிர்ந்துபோகும். தாயின் நோய் எதிர்ப்பு ஆற்றலும் இரும்புச்சத்தும் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் பிள்ளைக்குச் சென்று சேர்கின்றன. ஆகவே கழுவாத ஒரு கைகூட அதற்கு எமனாகலாம். உறிஞ்சி, விழுங்கி, இடையே மூச்சுவிடும் ஒழுங்கு ஏறத்தாழ முப்பத்துநான்காம் வாரத்தில்தான் கைகூடும். அதுவரை தாய்ப்பாலைக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகத் தரவேண்டும்; பிஞ்சுக் குடலைக் காப்பதில் அந்தப் பாலுக்கு ஈடில்லை. உயிர் காக்கும் ஆக்சிஜனையே அளவு மீறிக் கொடுத்தால் கண் பறிபோகும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் மேலைநாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவ்வாறு பார்வை இழந்தார்கள்.

எல்லாவற்றிலும் கடியது மூச்சு. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி காக்கச் சோப்புக் கரைசல் போன்ற ஒரு மெல்லிய பூச்சு உட்புறத்தில் ஊற வேண்டும். சர்ஃபாக்டன்ட் என்பது அதன் பெயர். அது போதிய அளவு ஊறுவதற்கு ஏறத்தாழ முப்பத்தைந்து வாரங்கள் ஆகும். அது இல்லாத பிள்ளைக்கு ஒவ்வொரு மூச்சும் புதுப் பலூனை முதன்முறை ஊதுவது போன்ற பாடு. மேரி எலன் ஏவரி என்னும் அமெரிக்க மருத்துவர் 1959இல் இதைக் கண்டறிந்தார். ஆயினும் 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாக, இரண்டு கிலோவுக்கும் சற்று மேற்பட்ட எடையோடு பிறந்து, இந்நோயால் முப்பத்தொன்பது மணி நேரத்தில் இறந்தான். அவனும் எட்டாம் மாதத்துப் பிள்ளையே. அந்நாட்டின் செல்வமும் செல்வாக்கும் அவனுக்கு ஒரு பூச்சைத் தர இயலவில்லை. 1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹவி என்னும் இருவர், குறைப்பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்று காட்டினார்கள். இன்று அது விலை மலிந்த ஊசி. அன்றிரவு நான் கண்ட பிள்ளையின் தாய்க்கும் அது உரிய நேரத்தில் போடப்பட்டிருந்தது.

"அப்படியானால் எட்டாம் மாதம்?" என்று கேட்டேன். மருத்துவர் சிரித்துவிட்டார். "வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு வலிமைதான் ஃபாதர். ஏழைவிட எட்டு மேல்." காரணங்களையும் சொன்னார். தாயின் இரத்தக் கொதிப்பு, கருப்பையிலோ சிறுநீரிலோ தொற்று, இரட்டைக் கரு, இரத்தசோகை, பிள்ளைப்பேறுகளுக்கிடையே போதிய இடைவெளியின்மை. பலருக்குக் காரணம் புலப்படுவதே இல்லை. கிரகணம் அவர் பட்டியலில் இல்லை.

மூன்றாம் வாரம் சென்றபோது அந்தப் பெண் குழந்தை தாயின் வெற்று மார்பில் கங்காருக் குட்டிபோல் கட்டப்பட்டிருந்தது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1970களின் இறுதியில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய முறை அது. தாய் குளிக்கப் போனபோது மாமியார் தம் மார்பில் பேத்தியை வாங்கிக் கட்டிக்கொண்டார். அதைக் கண்டதும் எனக்கு அந்தப் பழைய திண்ணை நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரமே பழைய பங்குக்குப் பேருந்து ஏறினேன். அந்தத் தாய்க்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பின்னர் பிறந்த இரு பிள்ளைகளும் பள்ளியில் படித்தார்கள். நான் வந்த காரணத்தைச் சொல்லவே எனக்கு நாணமாயிருந்தது. மூச்சுப் பையின் பூச்சைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். "அது உன் தப்பில்லை அம்மா. அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன்.

அவர் நெடுநேரம் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு சாமி" என்றார். "அவங்க இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாம்."