அழித்தால் இரண்டிலும் அழியும்



போன மாதம் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். அதில் உங்கள் குரலும் போயிருப்பதால் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

வீட்டில் இரண்டு கணினிகள். ஹாலில் பழைய டெஸ்க்டாப், மாடியில் மகள் விட்டுப்போன லேப்டாப். கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுகள், ஆண்டுவிழாக்களில் நீங்கள் பாடியவை எல்லாம் இரண்டிலும் இருக்க வேண்டும் என்று ஆசை. பென் டிரைவில் கொண்டுபோய், எது புதிது, எது பழையது என்று குழம்பியதுதான் மிச்சம். பேரன் ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்தான். ஒன்றில் சேர்த்தால் மற்றதிலும் தானாகச் சேர்ந்துவிடும்.

ஒருநாள் லேப்டாப்பில் இடம் போதவில்லை. ஹாலில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் 'ஆண்டுவிழா' ஃபோல்டரை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். கீழே வந்து பார்த்தால் அங்கேயும் காணோம்! மென்பொருள் மேல் குற்றமில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்தவன் நான்தானே? சேர்த்ததைப் போலவே அழித்ததையும் அது கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. பரணிலிருந்து கேசட்டுகளை இறக்கி, மறுபடி ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதிவு செய்தேன். 1996ஆம் வருடக் கேசட் மட்டும் பூஞ்சை பிடித்து, நாடா அறுந்துபோனது.

இப்போது ஃப்ரீஃபைல்சிங்க் வைத்திருக்கிறேன். இலவசம். 'கம்பேர்' அழுத்தினால் எது எங்கே போகப்போகிறது என்று பட்டியல் காட்டும். பார்த்துவிட்டு 'சிங்க்ரனைஸ்' அழுத்தினால்தான் வேலை நடக்கும். இடப்பக்கம் ஹால் கணினி, வலப்பக்கம் லேப்டாப். 'அப்டேட்' முறையில் புதியவையும் மாறியவையும் மட்டுமே ஹாலிலிருந்து மாடிக்குப் போகும், அழித்தது போகாது. 'மிரர்' முறையில் கவனம் வேண்டும்: ஹாலில் இல்லாததை மாடியிலும் நீக்கிவிடும். எல்லாம் தானாக நடக்க வேண்டும் என்பவர்களுக்கு சிங்க்திங் நல்லது. ஆனால் அதில் 'ஃபைல் வெர்ஷனிங்'கை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கணினியில் அழித்தது மற்றதில் தனி ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும்.

ஒன்று புரிந்தது. இரண்டு இடத்தில் இருப்பதாலேயே காப்பு ஆகிவிடாது. இப்போது மூன்றாவது நகல் ஒன்றை ஹார்ட் டிஸ்கில் போட்டு, எந்தக் கணினியிலும் செருகாமல் பீரோவில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் போட்டோக்களுக்கும் இதைச் செய்யுங்கள்.

96இல் மேடையேறிப் பாடியவர்களே, உங்களில் யாரிடமாவது அந்தக் கேசட்டின் நகல் இருக்கிறதா? இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். சார் காத்திருக்கிறேன்.